காரைக்குடியை விட்டுக் கிளம்பாமல் பத்து நாள் சமாளிக்க என்ன ஏற்பாடு வேண்டும்?

கேள்வி: இரண்டாம் மாடி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நான், ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், மாமியார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் போதும், குடும்ப வாட்ஸப் குழுவில் "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்குப் போய்விடு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். 2025 மே மாதம் போர்ப் பதற்றம் வந்து நாடு முழுக்க ஒத்திகை நடத்தியபோதும் இதே பேச்சுதான். பெரிய வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. எங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடு. அங்கே நான் தனியாக ஒரு முதியவரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

அதனால் இங்கேயே இருப்பதாக முடிவு செய்துவிட்டேன். புயலோ, நீண்ட மின்வெட்டோ, 2020 மாதிரி ஊரடங்கோ, எதுவானாலும் ஒரு வாரம் பத்து நாள் வெளி உதவி இல்லாமல் ஓட்ட வேண்டும். வீடியோக்களில் பாதாள அறை, காட்டுப் பண்ணை என்று போகிறார்கள். மாடி வீட்டுக்காரிக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டில் 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது, இரண்டு சிலிண்டர் இருக்கிறது. அதற்கு மேல் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தயார்நிலை

நல்ல கேள்வி. ஆறு மாதத்துக்கு அரிசி, பருப்பு வாங்கி மருந்து போட்டுக் காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, அதில் மூன்று நாள் சாமான். வாக்கி டாக்கி ஒரு ஜோடி. முடிந்தால் ஜெனரேட்டர் ஒன்று, இப்போது சின்னதாகவே கிடைக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போட்டால் இன்னும் நல்லது.

பதில்: பழைய லைன்மேன்

மேலே எழுதிய தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாத அரிசியை இரண்டாவது மாடியில் வைத்தால் முதலில் குடியேறுவது எலிதான்.

ஆச்சி, மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். வீடும் காரைக்குடிதான். ஊரிலேயே இருப்பது என்று நீங்கள் எடுத்த முடிவு சரி. ஏன் சரி என்பதைக் கம்பத்தின் மேலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையேறியது. அன்று பகலுக்குள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் பிய்த்துப் போட்டுவிட்டு மேற்கே போனது. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேல். எங்கள் ஆட்களை ஆலங்குடிப் பக்கம் அனுப்பினார்கள். கேரளத்திலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்கள் வந்து வேலை பார்த்தார்கள். தென்னையும் பலாவும் கம்பி மேல் படுத்துக் கிடந்த ஊர்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது.

கரண்ட் திரும்பி வருவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணை மின்நிலையம் உயிர் பெற வேண்டும். அப்புறம் அங்கிருந்து ஊருக்குள் பிரிந்து வரும் 11 கேவி பீடர் லைன்கள். அதிலும் ஆஸ்பத்திரியும் குடிநீர் பம்ப்பும் இருக்கிற பீடர் முன்னால் வரும். அதற்குப் பிறகுதான் தெரு டிரான்ஸ்பார்மர், தாழ்வழுத்த லைன், கடைசியாக உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர். ஒரு டிரான்ஸ்பார்மரைச் சரிசெய்தால் இருநூறு வீட்டுக்கு வெளிச்சம் வரும் என்றால் அங்கேதான் ஆள் முதலில் போவான். தோப்புக்குள் தனியாக நிற்கும் பண்ணை வீட்டுக்குப் பத்துக் கம்பம் நட்டால்தான் ஒரு பல்பு எரியும். அது எத்தனாவதாக வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே மனை வாங்கச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

சரி, இனி உங்கள் வீடு.

மாடி வீட்டில் கரண்ட் நின்றால் முதலில் தீர்வது தண்ணீர். இருட்டுக்கு மெழுகுவத்தி போதும். சம்பை ஊற்றுத் தண்ணீர் ருசி என்று ஊரே பெருமை பேசுகிறோம். அதையும் மேல்தொட்டிக்கு ஏற்றுவது மோட்டார்தான். உங்கள் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கும், அதை எத்தனை குடித்தனம் பங்கு போடுகிறது? எச்சரிக்கை வந்த அன்றே டேங்கை நிரப்பிவிட்டு, மற்ற குடித்தனக்காரர்களோடு பேசி, வெளியே போகும் வால்வை மூடிவிடுங்கள். காலையில் அரை மணி நேரம் திறந்து ஆளாளுக்கு வாளியில் பிடித்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் அதே தண்ணீர் பல நாள் வரும். திறந்தே விட்டால் மறுநாள் சாயங்காலம் காற்றுதான் வரும். முதல் பிளஷிலேயே பத்து லிட்டர் போய்விடும் என்பது பலருக்கு உறைப்பதில்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் வையுங்கள். நாலு பேருக்குப் பத்து நாளைக்கு இருநூறு லிட்டர், அதாவது இருபது லிட்டர் கேன் பத்து. அவ்வளவுக்கு இடம் இருக்காது. ஐந்து கேன் வீட்டில் இருக்கட்டும், பழையதை எடுத்துப் புதியதை வைத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். மீதிக்குக் கிணறு.

இதுதான் இந்த ஊரின் பெரிய சொத்து, ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் தெருவில் பழைய வீடுகளின் கொல்லையில் கிணறு கட்டாயம் இருக்கும். பலர் மோட்டார் போட்டதும் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், மேலே கம்பி வலை அடித்துவிட்டார்கள். இருநூறு முந்நூறு அடி போர்வெல்லில் தண்ணீர் இருந்தாலும் கரண்ட் இல்லாமல் கையால் எடுக்க முடியாது. கிணற்றில் எடுக்கலாம். அதனால் ஒரு ஓய்வு நாளில் அந்த வீட்டு ஆச்சியைப் போய்ப் பாருங்கள், பேச்சுவாக்கில் கேளுங்கள். கப்பி, தாம்புக் கயிறு, ஒரு இரும்பு வாளி மூன்றையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, "அவசரத்துக்கு எங்களுக்கும் நாலு குடம்" என்று சொல்லி வையுங்கள். ஜெனரேட்டர் வாங்கும் காசில் இது தூசு. தெருவில் அடிபம்பு இருந்தால் அதையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள், கைப்பிடி மட்டும் நிற்கும் பம்ப்புகளும் உண்டு. கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆன பிறகு இறக்கிக் குடியுங்கள். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கும் கிணறு என்றால் துவைக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர் மணி) என்றால், இரண்டையும் பெருக்கினால் காகிதத்தில் 1800 வாட் மணி. பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கக்கூடாது, இன்வெர்ட்டரே கொஞ்சம் தின்னும், எல்லாம் போக 1200 கைக்கு வரும் என்று வையுங்கள். பழைய சீலிங் பேன் 75 வாட், எல்இடி பல்பு 9. ஒரு பேனும் இரண்டு பல்பும் போட்டால் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம். அதே இடத்தில் கரண்ட் குறைவாகத் தின்னும் பிஎல்டிசி பேன் போட்டால் அது 28, 30 வாட்டில் ஓடும், ஒரு நாள் தாண்டும். புதுப் பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் பேனை மாற்றலாம் என்பேன். ராத்திரி நாலு பேரும் ஒரே அறையில் படுங்கள். மிக்ஸி, பிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் எதையும் அதில் மாட்டாதீர்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி எவ்வளவு நாள் ஆச்சு என்று இன்றைக்கே பாருங்கள்.

மொபைல் டவருக்கும் பேட்டரிதான், அது சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல் வந்தால்தான் உண்டு. எனவே பேட்டரி செல் போட்டு ஓடும் ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். கொடைக்கானல் பண்பலை 100.5 இந்தப் பக்கம் எடுக்கும். ஜிபே வேலை செய்யாது, ஐம்பது நூறு நோட்டாகக் கொஞ்சம் பணம் வையுங்கள்.

கரண்ட் போனதும் மெயினை விட்டுவிட்டு பிரிட்ஜ், டிவி, ஏசி சுவிட்சுகளை மட்டும் அணையுங்கள். பெரிய பழுதுக்குப் பிறகு லைன் வரும்போது வோல்டேஜ் ஆடும், வந்து வந்து போகும். ஒரு பல்பு மட்டும் எரியட்டும். அது பத்து நிமிடம் சிமிட்டாமல் எரிந்தால் மற்றதைப் போடலாம்.

உங்கள் வீட்டுக்கு எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து லைன் வருகிறது என்று தெரியுமா? அதன் பெயர், உங்கள் மின் இணைப்பு எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. "எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை" என்று சொல்பவர்களை விட, "இன்ன டிரான்ஸ்பார்மரில் ஒரு பேஸ் மட்டும் இல்லை, கம்பி இன்ன வீட்டு வாசலில் அறுந்து கிடக்கிறது" என்று சொல்பவர்கள் எங்கள் வேலையைப் பாதியாக்கிவிடுவார்கள். அறுந்த கம்பி பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். கரண்ட் இல்லாத ஊரிலும் அறுந்த கம்பியில் கரண்ட் இருக்கலாம். எப்படி என்பது தனிக் கதை, கேட்டால் சொல்கிறேன்.

பதில்: கோட்டையூர் மருந்துக்கடை

அக்கா, உங்கள் மாமியார் இன்சுலின் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை அண்ணன் சொல்லிவிட்டார்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ அறை வெப்பத்திலேயே பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும், 30 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால். வகைக்கு வகை இது மாறும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். நம் ஊரில் சித்திரையில் 30 டிகிரி எங்கே இருக்கிறது என்கிறீர்களா? அதற்குத்தான் பானை. பெரிய மண்பானையில் ஆற்று மணல் போட்டு, நடுவில் சின்னப் பானையை இறக்கி, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். மேலே ஈரத்துணி. மருந்தைத் தண்ணீர் படாத கவரில் போட்டு உள்ளே வையுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வெளியை விட நல்ல குளிர்ச்சி இருக்கும். மழைக்கால ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது வெயிலும் இருக்காது.

பிரிட்ஜ் நின்றதும் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதன் பிறகு பானைக்கு மாற்றுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி மட்டும் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகி வந்தாலும் அது வீண், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒரு மாத மருந்து கூடுதலாக இருக்கட்டும். ஊசி, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப், மருந்துச் சீட்டின் நகல் எல்லாம் சேர்த்து ஒரே டப்பாவில். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்த மறுநாள் கடை வாசலில் நின்ற பாதிப் பேரிடம் சீட்டு இல்லை, மருந்தின் பெயரும் தெரியாது, "அந்த வெள்ளை மாத்திரை" என்றார்கள். இன்னொன்று முக்கியம். சாப்பாடு குறையும் நாளில் வழக்கமான அளவு ஊசியைப் போட்டால் சர்க்கரை படுவேகமாக இறங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கையெட்டும் இடத்தில் குளுக்கோஸ் டப்பா.

பதில்: கானாடுகாத்தான்

பெரிய வீடு பற்றி யாரும் பேசவில்லையே. நகரத்தார் நாம் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகு இங்கே வந்தவர்கள் என்பதால்தான் வீடுகளை இவ்வளவு உயரமாக மேடை போட்டுக் கட்டினோம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கதையோ நிஜமோ, மேடை நிஜம். முற்றத்தைச் சுற்றிக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி வைத்து, மழைத் தண்ணீர் அண்டாவில் விழுகிற மாதிரி அமைத்ததும் நிஜம். இருந்தாலும் பூட்டிக் கிடக்கும் வீட்டை நம்பிப் போகாதீர்கள் ஆச்சி. குரங்கு நாட்டு ஓட்டைப் புரட்டிவிட்டுப் போயிருக்கும், வீட்டின் எந்தக் கட்டுப் பகுதியில் ஒழுகுகிறது என்று போன பிறகுதான் தெரியும். சாவி எந்தப் பங்காளியிடம் என்று கண்டுபிடிப்பதற்குள் புயலே கடந்துவிடும்.

எங்கள் ஐயா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்தார். வீட்டுப் பெட்டகத்தில் இன்றும் இருப்பது அவர் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த பத்திரங்களும் கணக்குத் தாள்களும்தான். நகையெல்லாம் வழியிலேயே சோற்றுக்குப் போய்விட்டது. டிஜிலாக்கரில் எல்லாம் இருக்கிறது என்று என் மகன் சொல்கிறான். நெட் இருந்தால் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டு டப்பா எதுவும் வேண்டாம். சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை ஒரு டின், அவல், வெல்லம், கடலை. பிள்ளைகள் எந்த நிலையிலும் சாப்பிடும். உங்கள் மாமியாருக்கு மாவுருண்டை கூடாது, அதை மட்டும் மறைத்து வையுங்கள்.

மறுபடி: இரண்டாம் மாடி

எல்லோருக்கும் நன்றி. கப்பி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எதிர் வரிசையில் ஒரு வீட்டில் கிணறு இருக்கிறது, அந்த ஆச்சியும் மாமியாரும் கோயிலில் பேசிக்கொள்வார்கள். மாமியாரையே தூது அனுப்பப் போகிறேன்.

அண்ணே, இரண்டு கேள்வி. எங்கள் ஓனர் மொட்டை மாடியில் அரசு மானியத்தில் சோலார் போடப் போகிறார். அது வந்தால் இந்தக் கவலையே வேண்டாம் என்கிறார். உண்மையா? இல்லையென்றால் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து பிளக்கில் சொருகிவிடலாம் என்றும் சொல்கிறார். அப்புறம் கேஸ் தீர்ந்தால் என்ன செய்வது?

பதில்: பழைய லைன்மேன்

மானியத் திட்டத்தில் போடுவது பெரும்பாலும் லைனோடு இணைத்த சோலார். பகலில் ஓடும், மிச்சம் வாரியத்துக்குப் போகும், பில் குறையும், எல்லாம் நல்லதுதான். ஆனால் லைனில் கரண்ட் போனால் அதுவும் தானாக நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் ஒரு பல்பு எரியாது. பழுது என்று நினைக்காதீர்கள், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், கம்பத்தில் இருப்பவன் சாகாமல் இருக்க. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்க வேண்டும், விலை கூடும். மாட்டுவதற்கு முன்னால் ஓனர் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். மாட்டிய பிறகு கேட்டால் மறுபடி செலவு.

இரண்டாவது சொன்னீர்களே, பிளக்கில் சொருகுவது. முன்பு தனிக் கதை என்றேனே, அது இதுதான். வீட்டு பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகினால் அந்தக் கரண்ட் மெயின் வழியாக வெளியே தெரு லைனுக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக ஏறும். 11,000 வோல்ட்டை இறக்கித் தருகிற அதே டிரான்ஸ்பார்மர், உங்கள் 230 வோல்ட்டைத் திருப்பி 11,000 ஆக ஏற்றிவிடும். அந்த நேரத்தில் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒருவன் கம்பத்தில் இருப்பான். லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்பது விதி. ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், ஊரே "எப்ப வரும், எப்ப வரும்" என்று கீழே நின்று கத்தும்போது எல்லாரும் எல்லா விதியையும் பார்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டைப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிற தெருவில் நாங்கள் முதலில் வீடு வீடாகப் போய்ப் பார்ப்போம், அப்புறம்தான் ஏணியை எடுப்போம்.

மெயினை அணைத்துவிட்டேன் என்ற வாய்ச்சொல்லும் வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை வந்து அதைத் தட்டிவிட்டால்? சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டினால் ஒன்று லைன், இல்லையென்றால் ஜெனரேட்டர், இரண்டும் ஒரே நேரத்தில் சேராது. அது மாட்டாமல் ஜெனரேட்டர் எடுப்பதென்றால், இயந்திரத்திலிருந்து தனி வயர் இழுத்து மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், டேங்க் நிரம்பியதும் அணைத்துவிடுங்கள். கஜாவில் பல ஊர்களில் அப்படித்தான் தொட்டி நிரப்பினார்கள். இயந்திரம் தெருவில் நிற்கட்டும், மாடிப்படிக்கு அடியில் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கேஸ் எளிது. ஒன்று தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிந்துவிடுங்கள், "இன்னொன்று இருக்கிறதே" என்று தள்ளாதீர்கள். உங்கள் நாலு பேர் சமையலுக்கு 14.2 கிலோ ஒன்று பத்து நாளுக்குத் தாராளம். குக்கர், ஒரே பானைச் சோறு, குழம்பை மூடி வைத்துக் கொதிக்கவிடுவது என்று போனால் இன்னும் நீளும். மாமியாரிடம் பழைய கும்முட்டி அடுப்பு இருந்தால் ஒரு மூட்டை கரி வாங்கிப் போடலாம், ஆனால் அதைப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ மட்டும் மூட்ட வேண்டும். மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் மூட்டினால் ஜெனரேட்டர் புகைக்குச் சொன்னதுதான் அதற்கும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்கு ஓனரை ஐப்பசிக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள். மழை பிடித்துவிட்டால் இந்த ஊரில் ஒருவரும் கைக்கு அகப்பட மாட்டார்.